வேளை பார்த்துப் போகவேண்டிய ஊர்கள்: நெல்லையிலிருந்து மணப்பாடு வரை மூன்று நாள் வழி

கூந்தன்குளத்துக்கு முதல்முறையாக நண்பர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு போனபோது காலை 11 மணி. குளத்தின் மறுகோடியில் வெள்ளையாகச் சில புள்ளிகள், கண்ணைக் கூசவைக்கும் தண்ணீர், அவ்வளவுதான் தெரிந்தது. வேலியோரம் ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் எங்களைப் பார்த்து, “வெயில் ஏறுன பொறவு வந்தா என்னத்தப் பாப்பிய? விடியுமுன்ன வாங்கய்யா, அப்பந்தான் ஊரு முழிக்கும்” என்றார். அதே வாரம் தனியாக, இருட்டோடு திரும்பிப் போனேன். பாட்டி சொன்னது சரியாக இருந்தது. ஊரே வேறாக இருந்தது.

அதிலிருந்து எங்கள் பக்கத்து ஊர்களைப் பார்க்க யார் வழி கேட்டாலும், தூரத்தையும் பேருந்தையும் சொல்வதற்கு முன் வேளையைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு ஊரும் நாளில் ஏதோ ஒரு நேரத்தில்தான் தன் அழகைக் காட்டுகிறது. கூந்தன்குளத்துக்கு விடியல், பத்தமடைக்கு முற்பகல், திருப்புடைமருதூருக்கும் தேரிக்காட்டுக்கும் மாலை, மணப்பாட்டுக்கு மறுபடியும் விடியல். இந்த ஐந்தையும் அந்தந்த வேளையில் போய்ச் சேரும்படி மூன்று நாளில் அடுக்கியிருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தே பழக்கமில்லாதவர்களும் பின்பற்றலாம்.

எந்த மாதம்

மாசி மாதம், அதாவது பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் பாதி வரை. தாமிரபரணிப் பாசனத்தில் பிசானப் பருவத்து நெல் அப்போதுதான் கதிர் முற்றிப் பொன்னிறமாக நிற்கும், சில வயல்களில் அறுப்பும் நடக்கும். கூந்தன்குளத்தில் கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். மாசி கடைசியில் பதநீரும் தலைகாட்டத் தொடங்கிவிடும், பங்குனியில் தாராளமாகக் கிடைக்கும். தை மாதமும் நல்ல மாதம்தான். வயல் பச்சையாக இருக்கும், பதநீர் மட்டும் இருக்காது.

ஒரு எச்சரிக்கை. தைப்பூசத்துக்கும் மாசித் திருவிழாவுக்கும் திருச்செந்தூரில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதியைக் குறியுங்கள். டிசம்பரில் வருவதாக இருந்தால் வானிலை அறிக்கையைக் கவனிக்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எப்போதும் இப்படி ஆவதில்லை. ஆனாலும் வடகிழக்குப் பருவமழை இங்கே சொல்லிக்கொண்டு வருவதில்லை.

எங்கே தங்குவது, எப்படிப் போவது

முதல் இரவு திருநெல்வேலியில், இரண்டாம் இரவு திருச்செந்தூரில். கிராமத்துக்குள்ளேயே தங்க விடுதி கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். முதல்முறை வருகிறவர்களுக்கு இந்த இரண்டு ஊர்தான் வசதி. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் வந்துவிடலாம். விமானத்தில் வருகிறவர்களுக்குத் தூத்துக்குடி வாகைக்குளம் நிலையம் பக்கம்.

முதல் நாளும் மூன்றாம் நாளும் பேருந்து போதும். இரண்டாம் நாளுக்கு மட்டும் ஒரு வாடகை வண்டி பேசிக்கொள்ளுங்கள், விடியுமுன் கூந்தன்குளம் போய்ச் சேர அதுதான் வழி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பெரும்பாலான கடைகளில் கைப்பேசியில் பணம் அனுப்பலாம் என்றாலும், பதநீர்க்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சில்லறை வைத்திருங்கள்.

வழி கேட்கும்போது ஆண்களை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுங்கள். இந்தச் சீமையில் அந்த ஒரு சொல்லுக்கு ஆள் நின்று பதில் சொல்வார். இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கவேண்டும்: ‘விலக்கு’. பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் இடம் அது. “பஸ் ஊருக்குள்ள போகுமா, விலக்குல இறக்கி விடுவீங்களா?” என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுவிட்டால், மத்தியான வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடக்கும் பாடு மிச்சம்.

முதல் நாள்: பத்தமடை, பிறகு ஆற்றங்கரை

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் போகும் பேருந்தில் ஏறுங்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எல்லாம் இந்த ஒரே சாலையில்தான் இருக்கின்றன. காலை 10 மணிவாக்கில் பத்தமடையில் இறங்கினால் சரியாக இருக்கும். அதற்குமுன் வீடுகளில் சமையல் வேலை, மத்தியானத்துக்கு மேல் ஓய்வு. பாய் நெசவு முற்பகலில்தான் மும்முரமாக நடக்கும்.

கடையில் அடுக்கியிருக்கும் பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். “நெய்யுறதைப் பார்க்கலாமா?” என்று கடையில் கேட்டால் யாராவது ஒரு வீட்டைக் காட்டுவார்கள். தலைமுறை தலைமுறையாக இதைக் காப்பாற்றி வருபவர்கள் இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள். வாசலில் செருப்பைக் கழற்றி, கூப்பிட்ட பிறகு உள்ளே போங்கள். ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறப்போட்டு, பிறகு நூல்போலக் கிழித்து எடுக்கிறார்கள். தரையை ஒட்டிப் பருத்தி நூலில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், இழுத்துக் கட்டியிருக்கும். நெய்கிறவர் நீண்ட குச்சியின் முனையில் ஒரு கோரையைக் கோத்துப் பாவுக்கு ஊடே செலுத்துவார். உருவுவார். அச்சால் ஒரு அடி. அடுத்த கோரை. நான் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், பாய் ஒரு விரற்கடைகூட நீளவில்லை. நெய்த அம்மா தலை நிமிராமலே, “இது மாப்ள வீட்டுக்குப் போற பாய், அவசரப்பட்டா அடி தப்பிரும்” என்றார். மணமக்கள் பெயரைச் சேர்த்து நெய்யும் கல்யாணப் பாய் அது.

வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம். நுண்ணிய பட்டுப்பாய் துணிபோல மடியும், மடித்த இடத்தில் கோரை முறியாது. விலை அதிகமாகத்தான் இருக்கும், பேரம் பேசிக் குறைக்கவேண்டாம் என்பது என் வேண்டுகோள். அந்த விரற்கடையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குப் பேரம் பேச மனம் வராது. அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்குச் சாதாரணக் கோரைப்பாயே பல வருஷம் உழைக்கும். 2013-ல் பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் வெளியூர்களில் பிளாஸ்டிக் பாயைப் பத்தமடைப் பாய் என்று விற்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டை அம்பாசமுத்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால் கல்லிடைக்குறிச்சியில் இறங்கி அக்ரகாரத் தெருக்களில் ஒரு சுற்று சுற்றிவிட்டு அப்பளம் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல் வீரவநல்லூர் திரும்பி, அங்கிருந்து ஆட்டோவில் திருப்புடைமருதூர். திரும்பி வரவும் அதே ஆட்டோவைப் பேசிவிடுங்கள்.

கடனா நதி தாமிரபரணியில் சேரும் இடத்தில் இருக்கிறது இந்த ஊர். நாறும்பூநாதர் கோவில், ஆற்றில் இறங்கும் படித்துறை, கரையில் ஓங்கி நிற்கும் மருத மரங்கள். கோவிலின் பெரிய கோபுரத்துக்கு உள்ளே தளம் தளமாக மரச்சிற்பங்களும் சுவரோவியங்களும் இருக்கின்றன. நினைத்தபோது ஏறிப் பார்க்க முடியாது, கோவில் அலுவலகத்தில் அனுமதி கேட்டுப் பாருங்கள். கருவறையில் லிங்கம் சற்றே சாய்ந்திருக்கும், அர்ச்சகரிடம் கேட்டால் கருவூர்ச் சித்தர் கதையைச் சொல்வார்.

ஆனால் நான் உங்களை மாலையில் வரச்சொல்வது வானத்துக்காக. ஐந்தரை மணிக்குமேல் பறவைகள் மருத மரங்களுக்குத் திரும்பும். ஆற்றின்மேல் தாழப் பறந்து வந்து, மரத்துக்கு அருகில் சட்டென்று எழும்பி, கால்களைத் தொங்கவிட்டு இறங்கும். ஊர்க்காரர்கள் காட்டிய அக்கறையால் கோவில் நிலத்தில் உள்ள இந்த மரங்கள் 2005-ல் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டன. இந்த வகையில் நாட்டிலேயே முதலாவது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம்.

குளிக்க ஆசை வரும், வரவேண்டும், பொருநை என்கிற தாமிரபரணித் தண்ணீர் அப்படிப்பட்டது. படித்துறையில் மட்டும் இறங்குங்கள். ஆற்றின் நடுவே சுழல் உண்டு, மேலே அணையில் தண்ணீர் திறந்தால் மட்டம் உயரும். பெண்கள் குளிக்கும் துறைப்பக்கம் கேமராவை எடுக்காதீர்கள். சோப்பு, ஷாம்பு உறை, கழற்றிய துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள். பரிகாரம் என்று சொல்லி விடப்படும் துணிகள் படித்துறைகளில் மூட்டை மூட்டையாகச் சேர்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த ஆற்றுத் தண்ணீரைத்தான் கீழே அத்தனை ஊரும் குடிக்கிறது.

இரண்டாம் நாள்: இருட்டோடு கூந்தன்குளம்

நான்கரை மணிக்கு வண்டி கிளம்பவேண்டும். மூலைக்கரைப்பட்டி வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். பெட்டியோடு கிளம்பிவிடுங்கள், திரும்ப நெல்லைக்கு வரப்போவதில்லை.

வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து போங்கள். முதலில் காதுதான் அறியும். கடகடவென்று பலகை தட்டுவதுபோல ஒரு ஓசை, நாரைகள் அலகைத் தட்டுகின்றன. குஞ்சுகளின் இரைச்சல். பிறகு வாடை, மீனும் எச்சமும் கலந்த வாடை, ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் கூடுகள் எல்லாம் வீடுகளின் கொல்லையில் நிற்கும் புளியமரத்திலும் வேப்பமரத்திலும்! கீழே ஒருவர் பல் துலக்கிக்கொண்டிருக்கிறார், அவர் தலைக்குமேல் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று குஞ்சுக்கு மீனைக் கக்குகிறது. பாதி மீன் தவறிக் கீழே விழும், அதற்காகப் பூனை காத்திருக்கும்.

1994-ல்தான் இது பறவைகள் சரணாலயம் ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர் பறவையைக் காத்துவருகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள், தீபாவளிக்கு வெடி போடமாட்டார்கள். எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது என்பதையும் பெருமையாகச் சொல்வார்கள்.

ஊரைப் பார்த்த பிறகு குளத்தங்கரைக் கண்காணிப்புக் கோபுரத்துக்குப் போங்கள். கூழைக்கடாக்கள் கூட்டமாகத் தண்ணீரில் மிதக்கும். குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் வருகின்றன, மாசி தொடக்கத்தில் போனால் இன்னும் பார்க்கலாம். இருநோக்கி (பைனாகுலர்) ஒன்று கட்டாயம் வேண்டும். சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற சட்டை வேண்டாம். கை தட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய பறவை பதறி எழும்பும்போது குஞ்சு கூட்டிலிருந்து தவறிவிடும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒருவருடைய கொல்லைக்குள் கூடு இருந்தால், வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். கேட்டால் நாற்காலியும் போட்டுத் தருவார்கள்.

எட்டரை மணிக்குக் கிளம்பிவிடலாம். சாத்தான்குளம் வழியாகத் திருச்செந்தூர். அறைக்குப் போய்த் தூங்குங்கள், மத்தியானத்தில் இங்கே பார்க்க ஒன்றும் இல்லை.

மாலை நான்கு மணிக்கு ஆட்டோ பிடித்து, காயாமொழிப் பக்கம் மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பாலைவனம்போல் செம்மணல் மேடுகள், அதுதான் தேரி. இரும்புச்சத்து ஏறிச் சிவந்த மணல். காற்றுக்கு மேடு இடம் மாறும். அதன் நடுவே வற்றாத சுனையோடு ஒரு அய்யனார். பகலில் மணல் காலைப் பொசுக்கிவிடும். சாயங்காலம் சூரியன் சரியச் சரிய ஆரஞ்சு, செங்கல் நிறம், குங்கும நிறம் என்று மாறிக்கொண்டே போகும். கோவில் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்ளேயே நடங்கள். மேடுகள் எல்லாம் ஒரேமாதிரி இருப்பதால் திசை தப்பிவிடும், இருட்டுமுன் திரும்பிவிடவேண்டும். பங்குனி உத்திரத்தன்று வந்தால் இந்த அமைதி கிடைக்காது. குலதெய்வம் கும்பிட வருகிற ஜனமும் பொங்கல் பானைகளும் நிறைந்திருக்கும். அது வேறொரு அழகு.

மூன்றாம் நாள்: மணப்பாடு

திருச்செந்தூரிலிருந்து தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். முதல் பேருந்து எப்போது என்று முந்தின இரவே விசாரித்துவையுங்கள். அது தாமதமானால் ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இந்த ஒரு செலவுக்கு யோசிக்கவேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று இந்தக் கரையில் யாரும் மீன்பிடித் தொழிலுக்குப் போகமாட்டார்கள், எல்லோரும் பூசையில் இருப்பார்கள்.

முதலில் கரைக்குப் போங்கள். விடியும் நேரத்தில் வள்ளங்கள் வரும். வலையிலிருந்து மீனைக் கழற்றுவதும் ஏலம் கூறுவதும் ஒரே வேகத்தில் நடக்கும். ஓரமாக நில்லுங்கள், வள்ளத்தைத் தள்ளும் நேரத்தில் வழியை மறிக்காதீர்கள். யாராவது “வாங்க, ஒரு கை பிடிங்க” என்றால் பிடியுங்கள். எனக்கு இந்த ஊரில் பழக்கமானவர்கள் எல்லோரும் அப்படிக் கை கொடுத்த பிறகு பேச்சுக் கொடுத்தவர்கள்தான்.

பிறகு குன்று. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல், 1581-ல் கட்டப்பட்ட திருச்சிலுவை ஆலயம். படியேறி நின்றால் ஒரு பக்கம் திறந்த கடல் மோதுகிறது. மறுபக்கம் அலையில்லாத வளைவில் ஊர், பெரிய பழைய வீடுகள், ஓட்டுக்கூரைகளுக்கு மேல் எழும் தேவாலயக் கோபுரங்கள். இந்த இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்க்கக் கொடுத்துவைத்திருக்கவேண்டும். கீழே கடலோரம் ஒரு குகை இருக்கிறது. 1542-ல் முத்துக்குளித்துறை என்கிற இந்தக் கடற்கரைக்கு வந்த புனித சவேரியார் அதில் தங்கி ஜெபித்தார் என்கிறார்கள். உள்ளே ஒரு கிணறு. உப்புக்கடல் எட்டும் தூரத்தில் இருந்தும் தண்ணீர் உப்புக் கரிக்காது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பாருங்கள்.

இது வழிபாட்டு இடம். தோளும் முழங்காலும் மூடிய உடை, உள்ளே பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். குன்றின் வெளிப்பக்கத்துப் பாறைகளில் இறங்கிக் குளிக்காதீர்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம். பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் இஸ்ரோவின் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் சிக்கல். செப்டம்பர் 1 முதல் 14 வரை திருச்சிலுவைத் திருவிழா, அப்போது ஊர் கொள்ளாது.

ஊருக்குள் திரும்பும்போது பனையோலைப் பின்னல் பொருள்கள் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். பெண்கள் பின்னும் பெட்டிகளும் கூடைகளும் எடைக்கு லேசு, பயணத்துக்கு வசதி.

எட்டு எட்டரைக்குத் திரும்பும் வழியில் உடன்குடி விலக்கில் ஒரு நிறுத்தம். பதநீர் காலமாக இருந்தால் சாலையோரத்தில் பானையோடு ஆள் நிற்பார். கலயத்தில் சுண்ணாம்பு தடவி இறக்கியது, பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார், கூட நுங்கு போட்டுக் கேளுங்கள். வெயில் ஏறியபின் அந்தச் சுவை இருக்காது. கருப்பட்டி வாங்க உடன்குடிக்குள்ளேயே போய்விடுங்கள், 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. ஒரு வட்டை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சீனிபோல மினுமினுத்தால் கலப்படம். நல்ல கருப்பட்டி மங்கலாக, கருமையாக இருக்கும், உடைத்த உடனே வாசம் வரும்.

இன்னும் அரைநாள் கையில் இருப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே உவரிவரை போய்வரலாம். கடலோரத்துச் சுயம்புலிங்க சுவாமி கோவிலும் அந்தோணியார் கோவிலும் ஒரே ஊரில் இருக்கின்றன. மற்றவர்கள் திருச்செந்தூரிலிருந்து நெல்லைக்கு ரயிலிலேயே திரும்புங்கள். குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று வாழைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் நடுவே போகும் வண்டி. கருப்பட்டியைப் பையில் அடியில் வைக்காதீர்கள். ரயில் வெக்கையில் இளகிப் பத்தமடைப் பாயில் ஒட்டிவிட்டால் போகாது.